கள்ளிக்குத் தண்ணீர் வேண்டாம்

சப்பாத்திக்கள்ளி வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, தம்பி. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். அதுதான் பலருக்கு வருவதில்லை.

எங்கள் மோரா டவுனைச் சுற்றிய மலைப் பக்கத்துப் பனியைத் தாங்கும் கள்ளி, கடையில் தொட்டியோடு விற்கிற சொகுசுக் கள்ளி அல்ல. அதற்குச் சரளை மண் வேண்டும், வெயில் வேண்டும். இலையுதிர் காலத்தில் ஊரில் மிளகாய் வாட்டுகிற வாசனை அடங்கியதும் தண்ணீரை அடியோடு நிறுத்திவிட வேண்டும். அது சுருங்கும், ஊதா நிறமாகும், மடல்கள் தரையோடு தரையாகப் படுத்துவிடும். பார்க்கிறவன் செத்துவிட்டது என்றுதான் சொல்வான். உடம்பில் இருக்கிற நீர் வற்றினால்தான் உறைபனி அதைப் பிளக்காது. ஏப்ரலில் தானாக நிமிரும், ஜூனில் மஞ்சளாகப் பூக்கும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது கள்ளிக்காரனுக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

பெர்சாபேக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. வயலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் விதவை, நான் கல்யாணமே செய்துகொள்ளாதவன். கணவன் போன முதல் குளிர்காலத்தில் என் முற்றத்துக்கு வந்து, "ஏய்யா மேனியோ, இதுங்க நாக்கு வறண்டு கெடக்குதே, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தினாள். நான் மோராவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வாளி வாளியாக ஊற்றியும் விட்டாள். அந்த வாரமே பனி இறங்கியது. பாதிக் கள்ளி கூழாகிப்போனது.

அவளோடு பேசாமல் இருந்தேன். ஒருநாள் ஒரு சட்டி நிறையச் சோளமும் பன்றிக்கறியும் கொதிக்கக் கொதிக்கத் தூக்கிக்கொண்டு வந்து, "கொலைகாரி வந்திருக்கேன், கதவத் தெற" என்றாள். சிரித்துவிட்டேன். இரக்கப்படுகிறவர்கள்தான் கொல்கிறார்கள் என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தாள். பழம் பழுக்கும் காலத்தில் நான் இடுக்கியால் பறித்துப் போடுவேன், அவள் மணலில் உருட்டிச் சுணை முள்ளைப் போக்குவாள்.

பள்ளிக்கூடம் மூடிவிட்டது, தபால் ஆபீஸ் மூடிவிட்டது, மாதா கோயில்கூட மாதம் ஒருமுறைதான் திறக்கிறது. அவள் வராத வாரம் என் குரலையே நான் கேட்பதில்லை. உங்களுக்கு வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள், ருமால்தோவின் பையன் நீங்கள், சொந்தம் நிறைய. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

இந்த வருடம் அவள் மகள் யோலாந்தா அவளை டென்வருக்கே கூட்டிப்போவதாக முடிவு செய்துவிட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் பெர்சாபே சொல்லிக்கொள்ள வந்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள். நகரத்துக்காக வாங்கியது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு மடல் குடுய்யா, பால்கனியில வெச்சுக்கறேன். கிட்டப் போனா குத்தும், உன் ஞாபகம் வரும்."

"நீ தண்ணி ஊத்தியே கொன்னுருவே."

"நல்லவேளை உன்னை நான் கட்டிக்கல. தாகத்துக்குத் தண்ணி கேட்டா, ஏப்ரல் வரட்டும்னு சொல்லியிருப்பே."

வெட்டின மடலை உடனே நடக்கூடாது. காயம் ஆறித் தோல் கட்டும்வரை ஈரம் படாத இருட்டில் கிடக்க வேண்டும். நான் நிலவறையில் பரப்பி வைப்பேன். அப்பா உருளைக்கிழங்கு வைக்க வெட்டியது, ஆழமானது. நல்லதாகப் பார்த்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அவள்தான் இறங்கினாள். ஏணியில் ஒரு படி ஆடும். சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

விழுந்ததும் முதலில் சிரித்தாள். "மேனியோ, விழுந்துட்டேன்யா. வேடிக்கை பாக்காம கையக் குடு." பிறகு எழுந்திருக்கப் பார்த்து அலறினாள். இடுப்பு போய்விட்டது.

நான் மேலேயே நின்று யோசித்தேன். போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். ஆஸ்பத்திரி, அங்கிருந்து டென்வர், மகள் வீட்டில் ஒரு கட்டில். அந்த இடுப்போடு அவள் இந்த ஊர்ப் பக்கம் திரும்பப்போவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பதற்றத்தில் செய்தேன் என்று வக்கீல் சொல்லச் சொன்னார். நான் பதறவில்லை.

ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். முறிந்த இடுப்போடு ஏறப் பார்த்தால் இன்னும் கெட்டுவிடும். இரண்டு கம்பளியைப் போட்டேன், நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. காற்று குளிராக இருந்ததால் நிலவறையின் மேல் கதவை மூடினேன். தண்ணீர் கேட்டாள். கொடுக்கவில்லை. காயம்பட்ட உடம்புக்கு ஈரம் ஆகாது. அவளுக்கும் அதைக் கதவு வழியாகப் பொறுமையாக விளக்கினேன். "ஐயா, நான் செடி இல்லைய்யா" என்றாள். அவளுக்கு எப்போதுமே அவசரம்தான்.

நாற்காலியைக் கதவருகே போட்டுக்கொண்டேன். சாப்பாடு அங்கேதான், காபி அங்கேதான். அவள் புருஷனைப் பற்றி, பழைய நடனங்களைப் பற்றி, எனக்குச் சொல்லாமலே வைத்திருந்த எத்தனையோ விஷயங்களைப் பற்றிப் பேசினாள். பாதி புரியவில்லை, குரல் கம்மிவிட்டது. வாரம் ஒருமுறை என்பது போய் நாள் முழுக்க அவள் என்னோடு இருந்தாள். யோலாந்தா போன் செய்தபோது, "யார் வண்டியிலயோ ஏறிப் போனாளே, உன்கிட்டதான் வர்றான்னு நெனச்சேன்" என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை, ஆனால் அந்தப் பெண் குரலை உயர்த்திப் பேசுகிறவள்.

நீங்களும் போலீஸ் வண்டியில் விசாரிக்க வந்தீர்கள். காபி குடித்தீர்கள். போகும்போது கள்ளிப் பாத்தியைப் பார்த்து, "எல்லாம் போயிடுச்சா, பெரியவரே?" என்று கேட்டீர்கள். இல்லை, ஓய்வெடுக்கிறது என்றேன். நிலவறைக் கதவு உங்களுக்கு வலப்பக்கம்தான் இருந்தது. அப்போது அவளுக்கு உயிர் இருந்ததா என்று நேற்று கேட்டீர்கள். இருந்தது. உங்கள் மேல் தப்பில்லை, அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது. மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதற்கப்புறம் ஒரு கட்டத்தில் இரண்டு நாள் சத்தமே இல்லை. கதவைத் தட்டிப் பார்த்தேன், ஏணியை இறக்கிப் போய்ப் பார்த்தேன். வீடு பழையபடி ஆகிவிட்டது. அதனால்தான் உங்களுக்குப் போன் செய்தேன். அவளை நான்தான் சாகவிட்டேன், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் யோலாந்தாவிடம் சொல்லுங்கள். அவள் அம்மா கடைசிவரை மகளைக் கூப்பிடவில்லை, மாதாவைக்கூடக் கூப்பிடவில்லை. மேனியோ, மேனியோ என்று என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இங்கிருந்து போக ஆசைப்பட்டவள் அப்படிக் கூப்பிடுவாளா, தம்பி?