எந்திரிக்க விடாத நாய்

நாய்க்கு ஒரு கொறையும் இல்லண்ணே, அதச் சொல்ல வரல... கடிக்கல, திருடித் திங்கல. ஆனாலும் இத நீங்களே வச்சுக்கங்க. இந்தாங்க கயிறு. மூணு மைலு வெயில்ல இழுத்துட்டு வந்துருக்கேன், முடியாதுன்னு மட்டும் சொல்லிராதீக.

என்ன முழிக்கிறீக கர்ணண்ணே? போன சித்திரையில இங்கன வந்து இந்த நாய வாங்கிட்டுப் போனேனே, ரோசம்மா. வீட்டுக்காரரு பட்டாளத்துல இருக்காகளே, அந்த ரோசம்மா. காவலுக்கான்னு கேட்டீக, ஆமான்னேன். பொய்யி. படிக்கிறதுக்குத்தேன் வாங்குனேன்.

சிரிங்க. முப்பத்தாறு வயசுல சிலேட்டும் கையுமா அலையிறாளேன்னு ஊரே சிரிச்சுச்சு. சின்னதுல ரெண்டாப்பு வரைக்கும் போனவதேன், ஆடு மேய்க்க இழுத்து விட்டாக, படிச்ச எழுத்தெல்லாம் ஆட்டோட போயிருச்சு. இப்ப என்னத்துக்குன்னா... அவுக கடுதாசி போடுறாக. அத தையக்கடை பிச்சைமணி வாசிச்சுத்தேன் நான் கேக்கணும். "என் கண்ணான ரோசம்மா, உன் முகம் பாக்காம எனக்குச் சோறு எறங்கல"ன்னு சத்தமா வாசிப்பான். ரவிக்கை தைக்கக் குடுக்க வந்தவளுகல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாளுக. எனக்கு மானம் போகும். அந்த வார்த்தைய நானே தனியா உக்காந்து வாசிக்கணும்னு ஆச. அம்புட்டுத்தேன்.

மதலேனா டீச்சரு மத்தியானம் மாதா கோயில் வாசல்ல பொம்பளைகளுக்குச் சொல்லிக் குடுக்குறாக. வீட்டுல தெனம் ஒரே எடத்துல, ஒரே நேரத்துல உக்காந்து வாசி, நடுவுல எந்திரிக்காத, மறந்ததுக்கு வெக்கப்படாதன்னாக. லேசாச் சொல்லிப்புட்டாக. நான் உக்காந்தாத்தேன் ஒலை பொங்கும், கோழி நெல்லக் கொத்தும், பக்கத்து வீட்டு அக்கம்மா உப்புக் கேட்டு வருவா. ஒண்ணுமில்லாட்டி, சொவத்துல மாட்டுன படம் கோணலா இருக்குற மாதிரி எனக்கே தோணும். எந்திரிச்சுப் போயி நேராக்குவேன். மறுபடி உக்காந்தா அந்தப் பக்கம் கோணலா இருக்கும்.

அதுக்குத்தேன் நாயி. புத்தகத்த விரிச்சதும் எனக்கு முன்னால இத உக்கார வைப்பேன். எந்திரிக்கிற மாதிரி பாவலா பண்ணுவேன், உறுமுனா ஒரு கருவாட்டுத் தலை. மூணு மணிக்குக் கோயில் மணி அடிச்சா எந்திரிப்பேன், அப்ப உறுமாம இருந்தா இன்னொரு தலை. கோம்பை நாய்க்குச் சொல்லியா குடுக்கணும்? பத்து நாள்ல பிடிச்சுக்கிருச்சு. பதினோராம் நாளு நெசமாவே எந்திரிக்கப் பாத்தேன், முந்தானையக் கவ்விக்கிருச்சு.

அதோட விட்டுச்சா... கொட்டாவி விட்டா உறுமும். வாய் அசையலன்னா உறுமும். மனசுக்குள்ள வாசிக்கிறதெல்லாம் அதுகிட்டச் செல்லாதுண்ணே. புத்தகம் முடிஞ்சு போனா தீப்பெட்டி மேல இருக்கறத வாசிப்பேன், மண்ணெண்ணெ டின்னு மேல இருக்கறத வாசிப்பேன். பசு கன்னு போடுது, நான் இங்கன "அணில், ஆமை"ன்னு கத்திக்கிட்டு இருக்கேன், அக்கம்மாதேன் ஓடிப்போயி கன்ன எடுத்தா. வீடு மந்திரிக்க வந்த கோயில் சாமியார உள்ள விடல. பாவம், தீர்த்தத்த வாசல்ல நின்னே வீசிட்டுப் போனாக. ஒரு நா மணி அடிக்கிறவருக்குக் காய்ச்சல். மணியே அடிக்கல. அன்னைக்கு அந்தி வரைக்கும் வாசிச்சேன், தொண்ட கட்டிப் போச்சு.

ஆனா படிப்பு வந்துருச்சு, அதச் சொல்லணும்ல.

இது வரைக்கும் அவுக போட்ட ஏழு கடுதாசியையும் போன வாரம் எடுத்து வச்சு நானே வாசிச்சேன். "மயிலைக்காளை சௌக்கியமா. கால் புண்ணு ஆறுச்சா." அடுத்தது, "காளைக்குப் பருத்திக்கொட்டை வைக்கவும்." இன்னொண்ணு, "என்ன கஷ்டம் வந்தாலும் காளையை விற்க வேண்டாம்." ஏழுலயும் காளைதேண்ணே. கண்ணும் இல்ல, சோறும் இல்ல, முகமும் இல்ல. கிழிச்சு அடுப்புல போடலாம்னா எந்திரிக்க விட்டாத்தான? அழுதா வாசிப்பு நிக்குதுல்ல, அதுக்கும் உறுமுது. அழுதுக்கிட்டே மணி அடிக்கிற வரைக்கும் காளை சௌக்கியத்த வாசிச்சேன்.

பிச்சைமணிகிட்டப் போயி நாக்கப் பிடுங்குற மாதிரி கேட்டேன். பய கத்திரிக்கோல கீழ வச்சான். ஒம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு வெறுங்காளைய வாசிக்க எனக்கு மனசு வரலக்கான்னான். அப்புறம் கேட்டான்: "ரெண்டு வருசமா அவருக்கு நீ என்னக்கா எழுதச் சொன்ன?"

என்னத்தச் சொன்னேன்... அம்புட்டுப் பேரு நிக்கையில, ஒரு ஆம்பளகிட்ட உக்காந்து எம் புருசனுக்கு என்னத்த எழுதச் சொல்ல முடியும்? காளைக்குக் கால்ல புண்ணுன்னேன். அடுத்த தரம், புண்ணு ஆறிக்கிட்டு வருதுன்னேன். அதுக்கடுத்த தரம், நல்லாத் தீனி எடுக்குதுன்னேன். காளைய விட்டா ஒரு வார்த்த சொன்னதில்ல. அவுகளுந்தேன் வேற என்னத்தக் கேப்பாக?

அந்தக் காளை செத்துப் பதினாலு மாசம் ஆச்சுண்ணே.

சண்டையில கெடக்குற மனுசனுக்கு அத எப்பிடிச் சொல்றதுன்னு மறைச்சேன். இப்ப நானே எழுதிச் சொல்லிருவோம்னு தபால் கார்டு வாங்கி நாலு நாளாச்சு. "அன்புள்ள"ன்னு எழுதுவேன், எந்திரிச்சு ஓடிரலாம்னு பாப்பேன். இது விட மாட்டேங்குது. அதுக்குத்தேண்ணே கொண்டாந்தேன். கொற ஒண்ணும் நாயி மேல இல்ல.

அண்ணே... எங்க போறீக? கயித்தப் பிடிக்காமயே உள்ள போயிக் கதவச் சாத்துறீகளே. அண்ணே!

போகட்டும். இங்கன நெழலாத்தேன் இருக்கு. கார்டு மடியிலதேன் இருக்கு. இந்தா, நீயும் உக்காந்துட்டியா? சரி... "அன்புள்ள. காளை செத்துப்போச்சு. நான் இருக்கேன்." அதுக்கு மேல என்னத்த... உறுமாத, உறுமாத. எழுதுறேன்.