மந்தைவெளி மூடியாச்சு

— ரைட்டா, நேராவா? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் கை காட்னா நான் எந்தக் கையப் பாக்கறது?

— நேராப் போப்பா. மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு, பாலம் ஏறி எறங்கினா அடையாறு. நாப்பது வருஷமா பஸ் போற வழி. இதுகூடத் தெரியாத உன்னை எப்படி டிரைவர் சீட்ல ஒக்கார வெச்சா?

— மேடம், நான் தண்ணி லாரி ஓட்றவன், பஸ் ஸ்ட்ரைக்குன்னு டெம்ப்ரவரியா வந்துக்கீறேன். பேரு அறிவு. பன்னெண்டாயிரம் லிட்டர ஏத்திக்கினு பாலவாக்கத்து சந்துல ரிவர்ஸ் எடுப்பேன். வண்டிய என்கிட்ட வுடுங்க, ரூட்ட மட்டும் நீங்க சொல்லுங்க.

— தோ பாரு தம்பி, ரைட்ல வளை. மந்தைவெளிய மூடிட்டாங்க. மெட்ரோ வேல.

— மூடிட்டாளா? காத்தால எங்காத்துப் பால்காரன் அந்தப் பக்கத்துலேர்ந்துதானே வந்தான்?

— காத்தால தொறந்துதான் இருந்துச்சு மாமி. ஒம்போதரைக்கு மூடிட்டான். பெரிய மிஷினு ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்க நிக்குது. நானே அந்தாண்டேர்ந்துதான் நடந்து வந்தேன்.

— தினம் ஒரு பக்கம் மூடறா, தினம் ஒரு பக்கம் திறக்கறா. பொறந்து வளர்ந்த ஊருல வழி கேட்டுண்டு போக வேண்டியிருக்கு. சரி, திருப்புப்பா. ஆனா பதினோரு மணிக்கு நான் அடையாறு ஆபீஸ்ல நிக்கணும். இப்பவே மணி பத்து.

— ரைட்டு ஒடிச்சாச்சு. டென்ஷன் ஆவாதீங்க மேடம்.

— கண்டக்டர் எங்க?

— பின்னாடி லாங் சீட்ல படுத்துக்கினு கீறாரு. அவரும் டெம்ப்ரவரிதான். கல்யாணத்துல பந்தி பரிமாறுறவராம். இப்ப கீறதே நீங்க ரெண்டு லேடீஸு. ரெண்டு பேருக்கும் ஃப்ரீ. அவருக்கு இன்னா வேல, தூங்கட்டும்.

— வேற யாருமே ஏறலையா?

— மயிலாப்பூர் குளத்தாண்ட நாலு பேரு ஏறுனாங்க. நான் 'அடையாறு எந்தப் பக்கம்'னு கேட்டேன். எறங்கிட்டாங்க.

— நன்னா இருக்கு. மூணு நாளா ஊரே தெருவுல நிக்கறது. பரீட்சைக்குப் போற குழந்தைகள் மயிலாப்பூர்லேர்ந்து தி.நகருக்கு நடக்கறதுகள். ஆட்டோக்காரன் வாய்க்கு வந்ததைக் கேக்கறான். ஸ்ட்ரைக்காம் ஸ்ட்ரைக்! சொல்லிட்டாவது பண்ணப்படாதோ?

— பதினாலு நாளு முன்னாடியே நோட்டீஸு குடுத்துட்டுத்தான் எறங்கினாங்க மாமி. எவனும் படிக்கல.

— எனக்குக் காலைலேர்ந்து ஒண்ணும் புரியல அக்கா. ஒரு ஸ்டாப்ல பெரியவரு ஒருத்தரு 'நல்லாருப்பா'ன்னு வாழப்பழம் குடுத்தாரு. அடுத்த ஸ்டாப்ல ஒருத்தன் 'கருங்காலி'ன்னு கத்திக்கினே கண்ணாடில தோல வுட்டெறியிறான். பழத்த ஒருத்தர் குடுக்க, தோல இன்னொருத்தர் குடுக்க, அதான் பப்ளிக்கு.

— நீ ஏன் தம்பி வந்தே? அவங்களும் டிரைவருங்கதானே?

— ஹெவி லைசென்ஸ் கீறவங்க வாங்கன்னாங்க. இப்ப ஓட்னா பின்னாடி பர்மனென்ட்டு ஆவும்னு ஒரு பேச்சு. ஈக்காட்டுத்தாங்கல்ல எங்க லாரி ஷெட்டுலேர்ந்து நாலு பேரு வந்துட்டோம். தப்பா அக்கா?

— எனக்குத் தெரியாது. நேராப் போ. ஆழ்வார்பேட்ட வரும்.

— ஏம்மா, நீயும் அடையாறுதானா?

— ஆமா மாமி. பேரு ஜோதிலட்சுமி. நீங்க ஸ்டாப்புல போன்ல பேசிக்கினு இருந்தீங்களே, விசாரணைன்னு. பஸ்ஸே இல்லாத நாள்ல போயே ஆவணுமா?

— போயே ஆகணும். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு டிரைவர் மேல புகார் எழுதிக் குடுத்தேன். அதுக்கு இன்னிக்கு விசாரணை. ஸ்ட்ரைக் டிரைவர்களுக்குத்தானே, ஆபீஸுக்கு இல்லையே.

— அப்டி இன்னா பண்ணாரு அவரு?

— சத்யா ஸ்டுடியோ ஸ்டாப் தாண்டினதும் வண்டியை ஓரங்கட்டினார். ஒரு வார்த்தை சொல்லலை. எறங்கிப் போயிட்டார். பத்து நாப்பத்திரண்டுக்கு நின்ன வண்டி பத்து அம்பத்தி நாலுக்குத்தான் நகர்ந்தது. பன்னெண்டு நிமிஷம்! எனக்குக் கண் டாக்டர்கிட்ட பதினோரு மணிக்கு நேரம் குடுத்திருந்தா. போச்சு. மறுபடி மூணு வாரம் கழிச்சுத்தான் பாத்தா. மூணு வாரம் ஒத்தைக் கண்ணால காய் நறுக்கினேன்.

— எதுக்கு எறங்கிப் போனாருன்னு கேட்டீங்களா?

— கேக்கலை. எழுதினேன். முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சர்மா நான். வண்டி நம்பர், தேதி, நிமிஷம் எல்லாம் போட்டு ரெண்டு பக்கம். கீழே கோமளம்னு கையெழுத்து, ஆத்து அட்ரஸ். மொட்டைக் கடுதாசி போடற பழக்கம் எனக்குக் கெடையாது.

— அவரு வேலையே போய்டும்ல மாமி?

— சஸ்பெண்ட் பண்ணியாச்சாம். இன்னிக்கு விசாரணைல என்ன முடிவாறதோ அதான்.

— அது தெரிஞ்சுமா போறீங்க?

— தெரிஞ்சுதான் போறேன். ஆரம்பிச்சதை நானே நேர்ல போய் முடிக்கணும். லெட்டரைப் போட்டுட்டு ஆத்துல ஒக்காந்துக்கறவ இல்லை நான்.

— அக்கா, ஆழ்வார்பேட்ட சிக்னல். எந்தாண்ட?

— ம்? நேரா. எல்டாம்ஸ் ரோடு புடிச்சு தேனாம்பேட்ட போ.

— தேனாம்பேட்டையா? அடையாறு போறதுக்கு ஏம்மா அங்க போகணும்?

— எல்லா வண்டியும் இப்ப அப்டித்தான் சுத்திக்கினு போவுது மாமி. நீங்க கம்முனு உக்காருங்க, நான் கூட்டிக்கினு போறேன்.

— ஸ்ஸ்... மேடம், இந்த இன்ஜின் பக்கத்துல காலு வேவுது. லாரில கூட இவ்ளோ சூடு இல்ல. சீட்டுல பஞ்சும் இல்ல, வெறும் கம்பிதான். எப்டித்தான் தெனம் ஓட்றாங்களோ. செகண்ட் கியரு வேற ரெண்டு தபா போட்டாத்தான் வுழுது.

— ரெண்டு தபா போடாதே. நியூட்ரல்ல வுட்டு, ஒரு செகண்டு நிறுத்தி, அப்பால போடு. வுழும்.

— அட, வுழுந்துச்சு! அக்கா, நீங்க வண்டி ஓட்டுவீங்களா?

— இல்ல. பெரும்பாக்கத்துல எங்க பிளாக்குல நெறைய டிரைவருங்க. பேசிக்கினு இருப்பாங்க. மாமி, ஒண்ணு கேக்கறேன். பஸ்ஸு டிரைவருங்க டூட்டில தண்ணி குடிக்க மாட்டாங்க, தெரியுமா உங்களுக்கு?

— ஏன்?

— குடிச்சா எறங்கணும். டெர்மினஸ்ல கக்கூஸு பூட்டிக் கிடக்கும். நடு வழில எறங்கினா லேட்டு, லேட்டுன்னா மெமோ. ஆளு பத்தலன்னு டபுள் டூட்டி வேற. காலைல நாலு மணிக்குப் போறவங்க ஒரு வாய் தண்ணி இல்லாம பதினாறு மணி நேரம் இந்த இன்ஜின் பக்கத்துல உக்காருவாங்க. அத்தனை பேருக்கும் கிட்னில கல்லு. சக்கரை வந்தவங்க பாடு இன்னும் மோசம், அவங்களால அடக்கவும் முடியாது. ஸ்ட்ரைக்கு நோட்டீஸ்ல மூணாவதா அதான் எழுதிக் கீது. டிவில சம்பளத்த மட்டும்தான் காட்னான்.

— அய்யய்யோ! நான் காலைலேர்ந்து ரெண்டு பாட்டிலு அடிச்சிட்டனே அக்கா!

— அப்ப அனுபவிப்பே.

— ஏற்கெனவே அனுபவிச்சுக்கினுதான் கீறேன். சொல்ல வெக்கமாக் கீது... மேடம், கோச்சுக்காதீங்க. தோ, அந்தப் பெட்ரோல் பங்குல ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தட்டா? நந்தனம் சிக்னல் வரைக்கும் தாங்காது.

— இதுக்கு என்னப்பா கேள்வி? போயிட்டு வா. நாங்க இருக்கோம்.

— தேங்க்ஸ் மேடம். தோ வந்துட்டேன்!

— மெதுவா எறங்கு, படி ஒயரம்.

— மாமி.

— என்னம்மா?

— இவன் இப்ப எறங்கிப் போறான். நீங்க 'மெதுவா எறங்கு'ன்றீங்க. மணி பாக்கல. நம்பர எழுதல. அன்னிக்கு அந்த மனுஷனும் இதுக்குத்தானே எறங்கினாரு! அவருக்கு ரெண்டு பக்கம் லெட்டரு, இவனுக்குப் 'படி ஒயரம்'மா?

— கத்தாதே. கண்டக்டர் எழுந்துடுவான்.

— எழுந்துக்கட்டும்! பத்தொம்பது வருஷம் மாமி. ஒரு ஆக்சிடென்ட்டு இல்ல, ஒரு நாயக்கூட இடிச்சதில்ல. அம்பது பேரு உக்காந்துக்கினு இருக்கற வண்டில, பேன்ட்டு நனைஞ்சிடுமோன்னு பயந்துக்கினு எறங்கி ஓடுனாரு. எங்கிட்டயே நாலு நாளு சொல்லல. பத்தாவது படிக்கற பொண்ணு இருக்கறப்ப இத்த எப்டி வாயால சொல்லுவாரு? ஆபீஸ்ல கேட்டதுக்கும் தலயக் குனிஞ்சுக்கினு நின்னுட்டு வந்தாரு.

— அவர் பேர் தங்கவேல். நீ அவர் சம்சாரம்.

— உங்களுக்கு எப்டித் தெரியும் மாமி?

— கியர் போடச் சொல்லிக் குடுத்தப்பவே எனக்கு லேசாத் தோணித்து. என் அட்ரஸ் எப்படிக் கெடைச்சுது?

— அவருக்குக் குடுத்த மெமோல உங்க லெட்டரோட காப்பியும் வெச்சிருந்தாங்க. காலைல எட்டு மணிலேர்ந்து உங்க வாசலாண்ட நின்னேன். கால்ல வுழலாம்னுதான் வந்தேன். பெல்ல அமுக்க கை போவல. நீங்க கிளம்புனீங்க, பின்னாடியே ஸ்டாப்புக்கு வந்தேன். போன்ல நீங்க 'விட மாட்டேன், போயே தீருவேன்'னு சொன்னீங்க. அப்பதான் முடிவு பண்ணேன்.

— என்ன முடிவு? என் முகத்தைப் பாத்துச் சொல்லு. மந்தைவெளி மூடியிருக்கா?

— இல்ல மாமி. தொறந்துதான் கீது. மிஷினும் இல்ல, ஒண்ணியும் இல்ல.

— அடிப்பாவி!

— இன்னும் சைதாப்பேட்டைக்குக் கூட்டிக்கினு போயி, கிண்டி வரைக்கும் சுத்தலாம்னு இருந்தேன். பதினோரு மணிக்கு நீங்க அங்க இல்லன்னா கேஸு நிக்காது, புகார் குடுத்தவங்க வராட்டி தள்ளிடுவாங்கன்னு எங்க பிளாக்குல அசோகன்னு ஒருத்தரு சொன்னாரு. அவரு கோர்ட்டாண்ட டைப் அடிக்கறவரு. அத்த நம்பித்தான் பண்ணேன். நீங்க இப்ப திட்டுங்க, அடிங்க. நான் பண்ணது சரிதான். என் புருஷனுக்கு நான்தானே பண்ணணும்?

— திட்டறதுக்கு நேரம் இல்லை. இந்தா, அவா எனக்கு அனுப்பின கடுதாசி. கடைசி வரியைப் படி. படிப்பியோன்னோ?

— எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். 'புகார்தாரர்... நேரில் ஆஜராகாத பட்சத்தில்... அவரது எழுத்துப்பூர்வமான புகாரே... இறுதிச் சாட்சியமாகக் கொள்ளப்பட்டு... முடிவெடுக்கப்படும்.' இன்னா மாமி இது?

— நான் போகலேன்னா, நான் எழுதின லெட்டர் அப்படியே நிக்கும்னு அர்த்தம். உங்க ஆத்துக்காரர் வேலை இன்னிக்கே போயிடும்னு அர்த்தம்.

— ஐயோ... ஐயோ மாமி! நானே அவரு கழுத்துல கத்தி வெச்சிட்டனா?

— அழாதே. மணி என்ன?

— பத்து... பத்து முப்பத்தஞ்சு. ஆனா நீங்க போனாலும் அதத்தானே சொல்லப் போறீங்க? போனாலும் போச்சு, போவாட்டியும் போச்சு!

— ஸாரி மேடம், ஸாரி அக்கா! அப்பாடா. உசுரு வந்துச்சு. இன்னாக்கா, ஏன் அழுவுறே? சரி, முன்னாடி நந்தனம் சிக்னல். நேரா சைதாப்பேட்டையா, இல்ல லெஃப்டா?

— மாமிய... மாமியக் கேளு தம்பி.

— லெஃப்ட். கோட்டூர்புரம் பாலம் ஏறி எறங்கினா இருபது நிமிஷம். உன் தண்ணி லாரி சாமர்த்தியத்தை எல்லாம் இப்பக் காட்டுப்பா.

— நம்மகிட்ட வுட்டீங்கல்ல, புடிச்சுக்கோங்க!

— மாமி, உங்க கையப் புடிச்சுக் கேக்கறேன். அங்க போயி இன்னா சொல்லப் போறீங்க?

— போன மாசம் பஸ் டெர்மினஸ்ல எனக்கும் அவசரம் வந்தது, அறுபத்தெட்டு வயசுல பூட்டின கக்கூஸ் கதவுக்கு முன்னாடி நின்னு அழுதேன், 'டிரைவருக்கே இல்ல மாமி'ன்னு ஒருத்தர் சொன்னப்பதான் அந்தப் பன்னெண்டு நிமிஷத்துக்குக் கணக்குப் புரிஞ்சுது. என் லெட்டரை வாபஸ் வாங்கத்தான்டி இன்னிக்கு இந்தப் பஸ்ல ஏறினேன்.