நாள் தவறாத கெல்

— அந்தச் சாக்லேட்டைக் கீழ வை கிரேடி. மூணா ஒடிக்கணும்.

— ஒடிச்சாச்சு மேரன். மூணுதான். ஒண்ணு கொஞ்சம் பெருசா வந்துடுச்சு. அது என் தப்பா? செஞ்சவனைப் போய்க் கேளு.

— பெருசு யாருக்கு?

— ஒரு டீல் பேசுவோம். பெருசு எனக்கு. பதிலுக்கு மத்தியானம் ஏரித்தண்ணி நான் எடுத்துட்டு வர்றேன்.

— நேத்தும் இதே டீல்தான். கடைசியில தண்ணி எடுத்தது நான்.

— நேத்து அட்டை கடிச்சிடுச்சு. அது இயற்கைச் சீற்றம், ஒப்பந்தத்துல வராது.

— பெருசை ஹேமிஷ்கிட்டக் குடு. கால் போனவன் அவன்தான்.

— கால் எங்கயும் போகல மேரன், இங்கதான் கிடக்கு, பூசணிக்கா மாதிரி. எனக்கு எந்தத் துண்டுன்னாலும் பரவால்ல. மாப்ள, நீயே பெருசைத் தின்னு. ராத்திரி பூரா உன் வயிறு போட்ட சத்தத்துல இந்தத் தகரக் கொட்டகையே ஆடுச்சு.

— பாத்தியா மேரன்? ஆஸ்திரேலியாக்காரன் மனசு. நம்ம ஊர்ல இப்படி ஒருத்தனைக் காட்டு பாப்போம்.

— விஷயத்துக்கு வா. இதைத் தின்னுட்டா அப்புறம் என்ன மிச்சம்? ரெண்டு பாக்கெட் நூடுல்ஸ், டப்பா அடியில ஒட்டிட்டிருக்குற, ரொட்டியில தடவுற வெஜிமைட். ரொட்டியைத்தான் முந்தாநாளே மரத்துல திரியுற அந்தப் போசம் பிராணி தூக்கிட்டுப் போயிடுச்சு.

— வெஜிமைட்டைச் சாப்பாட்டுல சேக்காத. அது எங்கப்பா கார் ஷெட்ல டப்பா டப்பாவா இருக்கு. அங்க அதுக்குப் பேரு கிரீஸு.

— டேய், எங்க ஊர்ப் பிள்ளைங்க அதைத் தின்னுதான் வளருது.

— அதான் ஒரு பாறை மேல நிக்கத் தெரியாம உருண்டியா மாப்ள?

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஹேமிஷ், கட்டைப் பிரிக்கிறேன், காலைக் காட்டு.

— இப்பதானே பாத்த.

— அது காலையில. காட்டு. ம். நேத்து கணுக்காலோட நின்னுச்சு. இப்ப முழங்காலுக்கு நாலு விரல் கீழ வந்துடுச்சு சிவப்பு. உடம்பு வேற கொதிக்குது.

— வெயிலா இருக்கும்.

— கொட்டகைக்குள்ள என்னடா வெயில்? நான் முடிவு பண்ணிட்டேன். கிளம்புறேன்.

— எங்க? பக்கத்துத் தெருவுக்கா?

— ஏரியைச் சுத்தி நடந்து அக்கரைக்கு. படகுக்காரரு கெல்லோட வீட்டுக்கு. மூணாந்தேதி காலையில பத்து மணிக்குப் படகு வரும்னு இங்க வந்து உக்காந்தோம். இன்னிக்குத் தேதி அஞ்சு. இதுக்கு மேலயும் அந்தப் படகுத்துறையைப் பாத்துட்டே உக்காந்திருந்தா ஹேமிஷ் கால்ல சீழ்தான் வைக்கும். கிரேடி, நீயும் வர்ற. இந்தக் காட்டுக்குள்ள தனியாப் போறது முட்டாள்தனம்.

— நானா? ஏய் மகராசி, நாம போயிட்டா இவனுக்கு யாரு தண்ணி எடுத்துக் குடுப்பா?

— நீ இருந்து எடுத்துக் கிழிச்ச.

— இரு இரு. ரெண்டு பேரும் கேளுங்க. மேரன், மேப்புல எவ்வளவு அளந்த?

— கரையோரமா இருபத்தி மூணு கிலோமீட்டர். நாம பாலைவனத்துல ஒரே நாள்ல இருபத்தஞ்சு நடந்தவங்க. வெயில் அடிச்ச அடியில இவன் தொப்பிக்கு ஈரத்துணி விலை பேசிட்டே வந்தான். மறந்துட்டியா?

— அது பாலைவனம். எங்க பாக்குறோமோ அங்க கால் வைக்கலாம். இங்க மரமே படுத்துக்கிட்டுத்தான் வளருது. தரையில கால் படாது, கிளைக்கு மேல கிளைன்னு அதும் மேலயே நடக்கணும். ரெண்டாள் உயரத்துல நிக்கிறோம்னு நமக்கே தெரியாது. தெரியுறப்பக் கீழ கிடப்போம். ஒரு மணி நேரத்துக்கு அரைக் கிலோமீட்டர் போனா நீ பெரிய ஆளு. கணக்குப் போடு.

— நாலு நாள். அஞ்சு நாள்.

— ரெண்டு பாக்கெட் நூடுல்ஸை வச்சுக்கிட்டு. நடுவுல உங்கள்ல ஒருத்தருக்குக் கால் முறிஞ்சா, இங்க ஒரு பூசணிக்கா, அங்க ஒரு பூசணிக்கா. கெல் எதைன்னு தேடுவாரு?

— முதல்ல அவரு வரணுமேப்பா, தேடுறதுக்கு.

— வருவாரு. எங்க ஊர்ல யாரை வேணா சந்தேகப்படு, கெல்லைப் படாத. முப்பது வருஷமா இந்த ஏரியில படகு விடுறாரு. எங்கண்ணன் கல்யாணத்தன்னிக்கு என்ன பண்ணாரு தெரியுமா? கோட்டு சூட்டு போட்டாச்சு, சட்டையில பூ குத்தியாச்சு. அன்னிக்குத்தான் ரெண்டு பேரை ஏத்திட்டு வர்ற நாள்னு நோட்டுல இருக்கு. அதே கோட்டோட படகை எடுத்துட்டு வந்து, அவங்களை ஏத்திக் கரையில விட்டுட்டு, முழங்கால்வரை ஈரமா வந்து விருந்துல உக்காந்தாரு.

— அப்படிப்பட்ட மனுஷன் ரெண்டு நாளா எங்க போனாரு?

— அதுதான் எனக்கும் பிடிபடல.

— நான் சொல்றேன். இஞ்சின் படுத்திருக்கும். எங்கப்பா இருபது வருஷமா பழைய கார் விக்கிறவரு. அவரு கண்ணுக்கு அந்த இஞ்சினைக் காட்டினா, சும்மா குடுத்தாலும் வேணாம்பாரு.

— அவருகிட்ட இன்னொரு படகு இருக்கு.

— காத்து?

— வெளிய எட்டிப் பாரு மாப்ள. தண்ணி தட்டுல ஊத்தி வச்ச மாதிரி கிடக்கு.

— மனுஷனுக்கு உடம்பு சரியில்லாம இருக்கலாம்ல?

— அவரு படுத்தா நோரீன் வருவாங்க. அவரு சம்சாரம். அவரைவிட நல்லா ஓட்டுவாங்க. ரெண்டு பேருமே படுத்துட்டாங்கன்னா பக்கத்துல மீன்பண்ணை வச்சிருக்கிறவரு வருவாரு. நோட்டுல இருக்குறதை எல்லாரும் பாப்பாங்க. நோட்டு ஷெட்டு வாசல்லயே தொங்குது.

— ஹேமிஷ், உங்க அம்மா தேடமாட்டாங்களா?

— அம்மாகிட்ட, அமெரிக்காலேர்ந்து வந்த ரெண்டு பேரோட ஊர் சுத்தப் போறேன், மார்ச்சுல காலேஜ் திறக்குறப்ப வர்றேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். போன் வரலன்னா நிம்மதியா இருக்கான்னு நினைச்சுக்குவாங்க. உங்க வீட்ல?

— எங்கப்பா, நான் இன்னும் கெய்ன்ஸ் கடற்கரையில படுத்திருக்கேன்னு நினைச்சிட்டிருப்பாரு. நான்தான் அப்படிப் படம் அனுப்பி வச்சிருக்கேன்.

— இன்னொண்ணையும் சொல்லிடு கிரேடி. அவசரத்துக்கு அமுக்குற அந்தக் கருவியை ஏன் எடுத்துட்டு வரலன்னு சொல்லு.

— கால் கிலோ கனம் மேரன்!

— அந்தக் கால் கிலோவுக்குப் பதிலா நீ தூக்கிட்டு வந்தது என்ன?

— வேர்க்கடலை வெண்ணெய். நீயும்தான் தின்ன.

— விடு மேரன். ஆன ஒண்ணைப் பேசி என்ன பண்றது? என் காலு, என் ஊரு, அதனால நான் சொல்றதைக் கேளு. நாளைக்குச் சாயங்காலம்வரை இங்கயே இருக்கோம். காணாமப் போனவங்க உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கணும், தேடி வர்றவன்தான் நடக்கணும். சின்னதுலேர்ந்து எங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறது இதுதான்.

— அதே. நானும் அதைத்தான் சொல்றேன். நான் ஹேமிஷ் கட்சி.

— நீ நடக்காத கட்சி.

— சரி, டீலை மாத்துறேன். நாளைக்குச் சாயங்காலம்வரை கெல் வரலன்னா, மறுநாள் விடியுறப்ப நான் உன்கூட வர்றேன். முனகாம, விலை பேசாம வர்றேன். என் பங்கு நூடுல்ஸையும் நீயே தூக்கிட்டு வரலாம்.

— தூக்கிட்டு வரலாமாம். தின்னலாம்னு சொல்லு.

— பாதி.

— முழுசு.

— முக்கால். இதுக்கு மேல நான் எறங்கி வந்தா எங்கப்பா என்னைப் பிள்ளைன்னே சொல்லமாட்டாரு.

— சரி. முக்கால். ஹேமிஷ் காலுக்காகத்தான் ஒத்துக்குறேன், உனக்காக இல்ல. இன்னொரு நாள் பாக்குறேன். ஆனா காரணம் தெரியாம உக்காந்திருக்கிறதுதான் எனக்கு ஆகல. வரவேண்டிய ஆளு ஏன் வரல? மூணு தலை இருக்கு, யோசிப்போம். ஹேமிஷ், நீ போன்ல பேசினப்ப அவருகிட்ட என்ன சொன்ன?

— மூணு பேரு வர்றோம்னேன். இருபத்தொம்பதாந்தேதி காலையில ஏத்தி விடணும்னேன். சரின்னாரு.

— திரும்பி வர்ற நாளு?

— அதைப் போன்ல சொன்னா வாங்கிக்கமாட்டாரு. முன்னாடி எவனோ ஒருத்தன், நான் அந்த நாளைச் சொல்லவேயில்லன்னு சண்டை போட்டுட்டான். அன்னிலேர்ந்து அவங்கவங்க கையால நோட்டுல எழுதணும். எழுதினது எதுவோ அதுக்குத்தான் வருவாரு. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேக்கமாட்டாரு.

— எழுதினது யாரு?

— நான்தான். ஹேமிஷ் மூட்டையைப் படகுல ஏத்திட்டிருந்தான், நீ கக்கூசுக்குப் போயிருந்த. என் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும், அதுல குறை சொல்ல முடியாது.

— கெல் அதைப் பாத்தாரா?

— பாத்தாரு. நோட்டைப் பாத்தாரு, நம்ம மூட்டையைப் பாத்தாரு, திரும்ப நோட்டைப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சுட்டு, உங்களுக்கெல்லாம் குருவி வயிறுபோலன்னாரு. மனுஷன் பாராட்டுறாருன்னு நானும் சிரிச்சு வச்சேன்.

— குருவி வயிறா? அஞ்சு நாளுக்கு அந்தச் சாப்பாடு அதிகம்னு நீதானே மாப்ள கடையிலயே சண்டை போட்ட?

— அதான் எனக்கும் ஆச்சரியம். உங்க ஊர்க்காரங்க ரொம்பத் தின்னுவீங்கபோலன்னு விட்டுட்டேன்.

— கிரேடி, தேதியை எப்படி எழுதின?

— எப்படின்னா? பேனாவால.

— விளையாடாத மாப்ள. எழுத்துலயா, நம்பர்லயா?

— நம்பர்லதான். பேரு, எத்தனை பேரு, தேதி. கட்டம் தம்மாத்துண்டு. அதுல மாசம் பேரெல்லாம் எழுத இடம் ஏது?

— மேல எழுதியிருந்தவங்க எப்படி எழுதியிருந்தாங்கன்னு பாக்கலையா?

— மேல யாரும் இல்ல. புதுப் பக்கம். நான்தான் போணி.

— என்ன எழுதினியோ அதை அப்படியே சொல்லு. ஒவ்வொண்ணா.

— என்னடா இது, கோர்ட்டா? ரெண்டு. ஒரு கோடு. மூணு. போதுமா?

— ரெண்டு, கோடு, மூணு.

— ஆமா. பிப்ரவரி மூணு. மேரன், நீயே சொல்லு, இதுல என்ன தப்பு?

— சரியாத்தானே எழுதியிருக்கான். பிப்ரவரி ரெண்டாவது மாசம், ரெண்டு போட்டான். அப்புறம் மூணு. நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஹேமிஷ், உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? கால் வலிக்குதா?

— மேரன், பூட்ஸை மாட்டு.

— என்னது?

— பூட்ஸை மாட்டு. கிரேடி, நீயும்தான். தண்ணி பாட்டில் ரெண்டையும் எடுத்துக்கோங்க. நூடுல்ஸையும். எனக்கு வெஜிமைட்டை வச்சிட்டுப் போங்க, போதும்.

— இப்பதானே போகாதன்ன? மரம் படுத்து வளருது, ரெண்டாள் உயரம்னு அவ்வளவு கதை சொன்ன? தேடி வர்றவன்தான் நடக்கணும்ன?

— ஆமா, சொன்னேன்.

— டீல் பேசி முடிச்சாச்சு ஹேமிஷ். நாளைக்குச் சாயங்காலம்வரைன்னு. கெல் வருவாரு, அவரை மட்டும் சந்தேகப்படாதன்னு நீதானே சொன்ன?

— இப்பவும் அதைத்தான் சொல்றேன் மாப்ள. எங்க ஊர்ல நாளை முதல்ல எழுதுவோம், மாசத்தை அப்புறம். கெல் ஒரு நாளும் தவறமாட்டாரு. மார்ச் ரெண்டாந்தேதி அந்தப் படகுத்துறையில டாண்ணு வந்து நிப்பாரு.