எண்பத்து மூணு கிலோ

– எண்பத்து மூணு கிலோவா? இல்ல மேடம், அந்தக் கட்டத்துல உங்க எடையை எழுத வேண்டாம். அங்க உங்க குறிக்கோளை எழுதணும். அஞ்சு கிலோ குறைக்கணும், முட்டி வலி போகணும், அந்த மாதிரி.

– தெரிஞ்சுதான் எழுதினேன், தம்பி. தரையிலேர்ந்து எண்பத்து மூணு கிலோ தூக்கணும். அதான் குறிக்கோள். அப்புறம், மேடம்னு கூப்பிடாதே. பின்னால வேற யாரோ நிக்கறாங்கன்னு திரும்பிப் பாக்கத் தோணுது. வெர்னான்னே கூப்பிடு.

– சரி, வெர்னா. நான் கோல்ட்டன். இந்த ஜிம் திறந்து இன்னையோட ஒன்பது நாள். வெளியாள்னு வந்த முதல் ஆளே நீங்கதான். இதுவரைக்கும் என் மச்சான் மட்டும் வந்துட்டு இருந்தான். அவனும் ஓசி.

– ஐஸ் மைதானத்து நோட்டீஸ் போர்டுல உன் தாளைப் பாத்தேன். ‘எந்த வயசானாலும், எந்தக் குறிக்கோளானாலும் வாங்க’ன்னு போட்டிருந்தே. எனக்கு அறுபத்தெட்டு வயசு. குறிக்கோள் எண்பத்து மூணு. வந்துட்டேன்.

– பக்கா. ஆனா... அதென்ன எண்பத்து மூணு? எல்லாரும் எண்பதும்பாங்க, இல்லேன்னா நூறும்பாங்க.

– எனக்கு மூணும் வேணும். இது என்ன தரையில? குதிரைத் தொழுவத்துல விரிக்கற ரப்பர் பாய்தானே?

– கண்டுபிடிச்சுட்டீங்களே! ஜிம்முக்குன்னே விக்கற பாய் வாங்கணும்னா கிட்னியை வித்தாகணும். அதனால பண்ணைச் சாமான் கடையில வாங்கினேன். ரெண்டு வாரம் வெளியில பனியில போட்டு வச்சேன், வாசனை போகட்டும்னு.

– போகல.

– போகல, தெரியும். அந்தக் கண்ணாடி, மூடிப்போன ஒரு சலூன்லேர்ந்து வந்தது. இந்தக் கம்பியும் தட்டுகளும் பள்ளிக்கூடத்து ஏலத்துல எடுத்தது. பெரிய ஜிம்ல ஆறு வருஷம் வேலை பாத்தேன். யாரையும் நின்னு நிதானமா கவனிக்க விட மாட்டாங்க. அதான் நம்ம வீட்டுக் கார் கராஜே போதும்னு வந்துட்டேன்.

– கோல்ட்டன்! நான் துணி காயவைக்கற மெஷினைப் போடப்போறேன், உன் ஹீட்டரை அணை!

– உள்ள கதவுகிட்ட நிக்கறது என் மனைவி, பிரியெல். அரை மணி நேரம் பொறும்மா! ஆள் வந்திருக்காங்க!

– குழந்தைக்கு மாத்த ஒரு துணி இல்ல. போன தடவ ரெண்டையும் ஒண்ணா ஓட்டி வீடே இருட்டாச்சே, மறந்துடுச்சா? ஹலோ அம்மா! இவன் சொல்றது எல்லாத்தையும் நம்பாதீங்க. இவன் ஜிம்முக்காக என் வேன் வெளியில நின்னு ஐஸ்கட்டியாக் கிடக்கு. தினம் காலையில சுரண்டறது நான்தான்.

– ஹீட்டரை அணைச்சுடு தம்பி, குழந்தைத் துணி காயட்டும். எனக்குக் குளிர் பழக்கம். நாப்பத்து நாலு வருஷமாப் பண்ணையில இருக்கேன்.

– நீங்க நல்லவங்கம்மா! கேட்டியா கோல்ட்டன்?

– கேட்டேன், கேட்டேன், கதவைச் சாத்து. ஸாரி வெர்னா. எங்க விட்டோம்? உடல்நிலை. நெஞ்சு வலி, தலைசுத்தல்?

– கிடையாது.

– எலும்பு?

– கொஞ்சம் தேய்மானம்னு டாக்டர் சொல்றார். அவருக்கு வேற வேலை இல்ல.

– அதை இப்படிப் பொடி எழுத்துல எழுதியிருக்கீங்களே! தூக்கம்?

– ஜனவரியிலேர்ந்து சரியா இல்ல.

– ம். அவசரத்துக்குக் கூப்பிட மகள் நம்பர் குடுத்திருக்கீங்க. கால்கரில இருக்காங்களா? அது எட்டு மணி நேரப் பயணமாச்சே. உள்ளூர்ல யாராவது...

– அவ போதும். நீ விஷயத்துக்கு வா. எப்போ தூக்க வைப்பே?

– வெர்னா, நான் ஒளிக்காமச் சொல்லிடறேன். உங்களுக்கு எட்டு கிலோவுல ஆரம்பிப்போம். குனியறது, நிமிர்றது, மூச்சு, முதுகு, இதெல்லாம் முதல்ல பழகணும். ஆறு மாசத்துல முப்பது. அது பெரிய விஷயம். எண்பத்து மூணெல்லாம் இந்த எலும்போட... நான் செய்ய மாட்டேன். உங்க முதுகு போச்சுன்னா என் மனசு தாங்காது.

– எட்டு கிலோ எங்க வீட்டுப் பூனை. கன்னுக்குட்டியைத் தூக்கி வண்டியில போட்டவ நான். இருபத்தஞ்சு கிலோ தீவன மூட்டையைத் தோள்ல வச்சு நடந்தவ.

– எப்போ?

– ...எப்பவோ.

– இதுல கோவிச்சுக்க ஒண்ணும் இல்ல. முடியறதைச் சொல்றேன்.

– கோபம் இல்ல. என் பூட்ஸ் எங்க விட்டேன்? கதவுகிட்டயா? தாளைத் திருத்தி எழுதிடு தம்பி. ‘எந்தக் குறிக்கோளானாலும்’ங்கறதை அடிச்சுடு.

– அட, இருங்க இருங்க. நாலு வீடு தள்ளியிருந்து வந்த மாதிரி எழுந்து போறீங்களே, இந்தப் பனியில அம்பது கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. ஒரே ஒரு கேள்வி. போட்டிக்குப் போகணுமா? பேரன்கிட்டப் பந்தயமா?

– போட்டி என்ன போட்டி! ஒரே ஒரு தடவ தூக்கணும். அவ்வளவுதான். அப்புறம் நீ சொல்ற பூனையைத் தூக்கிக்கிட்டு உக்காந்துடறேன்.

– ஒரே ஒரு தடவயா? அப்படி எதைத் தூக்கணும்?

– ஏன் கேக்கறே? சொன்னா நீ முகத்தை ஒரு மாதிரி வச்சுப்பே. ஊர்ல எல்லாரும் வச்சுக்கறாங்க.

– என் முகமே ஒரு மாதிரிதான்னு பிரியெல் சொல்வா. சொல்லுங்க.

– என் வீட்டுக்காரர். ஒரெஸ்ட். ஆஸ்பத்திரித் தராசுல எண்பத்து மூணு.

– ஓ.

– பாத்தியா, அந்த முகம்.

– இல்ல இல்ல. விழுந்துட்டாரா?

– ஜனவரியில. எங்க வீட்டுக்குப் பின்னால மறைப்பு மாதிரி ஒரு அறை, பூட்ஸ், கோட்டெல்லாம் கழட்டிப் போடற இடம். ஹீட்டர் கிடையாது. நாய்க்குச் சோறு வைக்கப் போனவர் கால் மடங்கி உக்காந்தார், அப்படியே சாஞ்சுட்டார். வெளியில மைனஸ் முப்பத்தி நாலு, பனிப்புயல். உள்ள அதைவிடக் கொஞ்சம் தேவலை.

– அடி ஏதாவது? இடுப்பு, தலை?

– ஒண்ணும் இல்ல. ஒரு எலும்புகூட முறியலை. டாக்டரே பாத்துட்டுச் சொன்னார். கொஞ்ச நாளாவே கால்ல பலம் இல்ல, அவ்வளவுதான். பேச்செல்லாம் நல்லாப் பேசினார். ‘ஏய் கிழவி, டிராக்டரைக் கொண்டு வந்து கயிறு போட்டு இழு’ன்னு கிண்டல் வேற.

– பக்கத்துல யாரும்?

– பக்கத்துப் பண்ணைக்காரங்க குளிருக்குப் பயந்து அரிசோனா போயிடுவாங்க. ஏப்ரல்லதான் வருவாங்க. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். ரோடு மூடிக்கிடக்கு, பனி தள்ளற வண்டி முன்னால போனாத்தான் வர முடியும்னாங்க. ரெண்டரை மணி நேரம்.

– ரெண்டரை மணி நேரம் நீங்க என்ன பண்ணீங்க?

– தூக்கினேன். வேற என்ன பண்ணுவேன்? அக்குள்ல கை குடுத்துத் தூக்கினேன். பின்னால நின்னு கட்டிப்பிடிச்சுத் தூக்கினேன். போர்வையில போட்டு இழுத்தேன், வாசப்படி ஒரு சாண் உயரம், அதைத் தாண்ட முடியல. ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் எழும்புவார், திரும்ப விழுவார். கடைசியில அவரே, ‘விடு வெர்னா, உனக்கு இடுப்பு போயிடும்’னார். விட்டுட்டேன்.

– நல்லவேளை விட்டீங்க.

– அப்படியா சொல்றே?

– நிச்சயமா. நீங்களும் விழுந்திருந்தா ரெண்டு பேர் தரையில. கடைசியில வந்துட்டாங்க இல்ல, ஆம்புலன்ஸ்காரங்க?

– வந்தாங்க. ரெண்டு பசங்க. ஒருத்தன் உன் வயசு இருப்பான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னாங்க, தூக்கிட்டாங்க. பஞ்சு மூட்டை மாதிரி. அதைப் பாத்ததுலேர்ந்துதான்... அவ்வளவு லேசா அது? எண்பத்து மூணு கிலோன்னா அவ்வளவுதானா? அது என் கைக்கு வரணும், தம்பி. எனக்குத் தெரியணும்.

– இப்போ புரியுது. அவசரத்துக்கு மகள் நம்பர் ஏன்னும் புரியுது. அவருக்கு உடம்பு முடியாதப்போ அவர் பேரைப் போட்டு என்ன பிரயோஜனம். வெர்னா, ஒரு நல்ல சேதி சொல்லவா?

– சொல்லு.

– நீங்க எண்பத்து மூணு கிலோ தூக்கவே வேண்டாம்.

– மறுபடியும் பூனையா?

– பூனையும் வேண்டாம்! இங்க வர்றதுக்கு முன்னால, படிக்கறப்போ, ரெண்டு வருஷம் முதியோர் இல்லத்துல வேலை பாத்தேன். அங்க தினம் ஒருத்தர் விழுவார். எங்கள்ல யாரும் யாரையும் தூக்கினதில்ல, தூக்கவும் கூடாது. நீங்க பண்ணின தப்பு ஒண்ணே ஒண்ணு. பண்ணைக்காரங்க எல்லாரும் பண்றதுதான். மூட்டையைத் தூக்கற மாதிரி மனுஷனைத் தூக்கப் பாத்தீங்க. மூட்டைக்குக் கை கால் கிடையாது. அவருக்கு இருக்கு. அடி படலைன்னா அவரைக்கொண்டே அவரை எழுப்பிடலாம்.

– கால்ல பலம் இல்லேன்னேனே.

– இருக்கற பலம் போதும். வாங்க, இப்பவே செய்வோம். நான்தான் ஒரெஸ்ட். இதோ படுத்துட்டேன். எனக்குத் தொண்ணூத்து ரெண்டு கிலோ, உங்க ஆளைவிட ஒன்பது அதிகம். அந்தச் சுவரோரமா மடக்கு நாற்காலி ரெண்டு இருக்கு பாருங்க, பிரிச்சு எடுத்துக்கிட்டு வாங்க.

– ரெண்டுமா?

– ரெண்டும். ஒண்ணை என் தலைமாட்டுல வைங்க. இன்னொண்ணு கால்மாட்டுல இருக்கட்டும். இப்போ என் முட்டியை மடக்குங்க. தோள்லயும் இடுப்புலயும் கை வச்சு, என்னை உங்க பக்கமா உருட்டுங்க. இழுக்காதீங்க, உருட்டுங்க. ரொட்டி மாவை உருட்டற மாதிரி.

– இப்படியா?

– பக்கா. பாருங்க, ஒருக்களிச்சுட்டேன். இப்போ ‘முழங்கையை ஊனுங்க’ன்னு சொல்லுங்க. சொல்லுங்க, நான் ஒரெஸ்ட், எனக்கு ஒண்ணும் தெரியாது.

– முழங்கையை ஊனு.

– ஊனிட்டேன். இப்போ குழந்தை தவழற மாதிரி நாலு காலா நிக்கறேன். அந்த நாற்காலியை என் கைக்கு நேரா நகர்த்துங்க. ரெண்டு கையையும் அது மேல வச்சுட்டேன். இப்போ எந்தக் கால் நல்ல காலோ, அதை முன்னால வைக்கச் சொல்லுங்க.

– வலது கால். அவருக்கு வலதுதான் நல்ல கால். வலதை முன்னால வை.

– வச்சாச்சு. இப்போ நான் கையை அழுத்தி எழும்பும்போது ரெண்டாவது நாற்காலியை எனக்குப் பின்னால தள்ளுங்க. தள்ளுங்க... ஆ, உக்காந்துட்டேன். முடிஞ்சுது! உங்க கை என் மேல சும்மா இருந்துச்சு, அவ்வளவுதான். என்ன பாரம் தெரிஞ்சுது சொல்லுங்க?

– ஒண்ணும் தெரியல.

– ஒண்ணும் தெரியல! கேட்டுக்கோ பிரியெல், தொண்ணூத்து ரெண்டு கிலோ ஆளை எழுப்பிட்டாங்க, ஒண்ணும் தெரியலையாம்!

– எவ்வளவு நேரம் ஆச்சு?

– என்னது?

– படுத்ததிலேர்ந்து உக்கார்ற வரைக்கும். எவ்வளவு நேரம்?

– நான் வாய் ஓயாமப் பேசினதையும் சேத்து ஒரு நாலு நிமிஷம். வீட்டுல இன்னும் சீக்கிரம். அவர் களைச்சா நடுவுல நிறுத்தி மூச்சு வாங்கலாம், ஒரு அவசரமும் இல்ல. வாசப்படியெல்லாம் தாண்ட வேண்டாம், விழுந்த இடத்துலயே உக்கார வச்சிடலாம். உக்காந்தா எழுந்து நிக்கலாம், நின்னா உள்ள போயிடலாம்.

– தூக்கவே வேண்டாம்.

– தூக்கவே வேண்டாம். இதுக்கு நான் காசு வாங்க மாட்டேன் வெர்னா, இது பயிற்சியே இல்ல, தகவல். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரெஸ்ட்டைத் தரையில படுக்கச் சொல்லி ஒரு தடவ செஞ்சு பாருங்க. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே செய்வீங்க. வெர்னா? என்னாச்சு? முதுகு பிடிச்சுக்கிச்சா? இப்படி உக்காருங்க.

– வேண்டாம். நாற்காலி வேண்டாம்.

– முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. பிரியெல், கொஞ்சம் தண்ணி கொண்டு வா!

– தண்ணியும் வேண்டாம் தம்பி, நீ ஒண்ணும் தப்பாச் சொல்லல. ஆம்புலன்ஸ் வந்தப்போ அவர் பேச்சு நின்னு முக்கால் மணி நேரம் ஆகியிருந்துச்சு. குளிர்ல போயிட்டார். அவரைப் புதைச்சு ஒன்பது வாரம் ஆகுது.

– ஐயோ... வெர்னா, எனக்குத் தெரியாது, நான் பாட்டுக்கு...

– அந்த வாசப்படிக்கு உள்பக்கம் என் சமையலறைல ஆறு நாற்காலி இருந்துச்சு. அதுல ஒண்ணை எடுத்துப் போட்டு உக்காந்துதான், கடைசி வரைக்கும் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.