பொன்னுராஜின் தட்டு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது பெரியகுளம் ஆதித்தனின் சித்தப்பா மகன் ஞானதுரைக்கு நடந்தது. எழுபத்தெட்டாம் வருஷம்... பொழுது சாய்கிற நேரம். போடியிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து வெகுதூரம் தள்ளி அவர்கள் வீடு. கடைசி பஸ் போய்விட்டால் அப்புறம் காற்றுச் சத்தம்தான்.

ஞானதுரைக்குப் பகலில் பஜாரில் இரும்புக்கடை, சாயங்காலம் ஹாம் ரேடியோ, அதாவது வீட்டிலிருந்தபடியே சொந்த ரேடியோவில் தூர தேசத்துக்காரர்களோடு பேசுவது. தம்பி பொன்னுராஜ் கப்பலில் ரேடியோ ஆபீசர். "இந்தக் கம்பி ஏரியல் பத்தாதுண்ணே. நெட்டுக்குத்தா ஒரு பைப்பை நட்டு வையி. எந்தக் கடல்ல இருந்தாலும் கூப்பிடுறேன்" என்று லீவில் வந்தபோது சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கப்பல் கரை சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

நினைவு ஆராதனை வைக்கலாம் என்று சபையில் சொன்னார்கள். தாய் சாராள் சம்மதிக்கவில்லை.

"மொதல்ல பைப்பை நடுய்யா. அவன் கூப்பிடலன்னா அப்புறம் வைங்க."

பெற்ற மனசு. மறுக்க முடியுமா? ஞானதுரை கொல்லையில் அலுமினியப் பைப்பை, மண்ணில் படாதபடி கெட்டியான சோடா பாட்டில் மேல் நிறுத்தி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினான். சுற்றிலும் மண்ணைக் கீறிச் செம்புக் கம்பிகளைப் புதைத்தான். கேபிளின் ஒரு முனையை ரேடியோவில் செருகியாயிற்று... மறுமுனையைப் பைப்பில் மாட்டுவதற்குள் இருட்டிவிட்டது. அது மண்ணில் கிடந்தது. டார்ச் எடுக்க உள்ளே வந்தவன், செட் ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டான்.

செட்டுக்குள் பல்பு மாதிரி இருக்கிற வால்வு சூடேறியது. தூசி கருகும் வாசனை... கூடவே கடல் வாசனை. மலையடிவாரத்தில் ஏது கடல்?

அப்புறம் சத்தம். டொக்... டொக் டொக்... டொக்.

தந்தி அடிக்கிற மோர்ஸ் இல்லை. ஞானதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுப்படியில் இருந்த சாராளுக்கு உடனே விளங்கியது. சின்ன வயதில் பொன்னுராஜ் பசியோடு உட்கார்ந்து, வெறும் தட்டில் விரலால் போடுகிற தாளம் அது.

"பிள்ளைக்குப் பசிக்குதுய்யா" என்றவள், தட்டை எடுத்துச் சோறு போடத் தொடங்கினாள்.

சத்தம் தேய்ந்துகொண்டே போனது. சிக்னல் தேய்ந்தால் ஹாம்காரன் என்ன செய்வான்? ஏரியலைத்தான் பார்ப்பான். ஞானதுரை கொல்லைக்கு ஓடினான்... இருட்டில் தடவித் தடவிக் கேபிளைப் பைப்பில் மாட்டி இறுக்கினான். திரும்பி வந்தால், ரேடியோவில் தெரியாத பாஷையில் யாரோ தூர தேசத்துக்காரன் பேசிக்கொண்டிருந்தான். தாளம் இல்லை.

சாராள் சோற்றுத் தட்டோடு நின்றாள்.

"ஏன்யா மாட்டுன? அது இல்லாமத்தான அவன் வந்தான்."

திரும்ப ஓடிக் கழற்றினான். ரேடியோவில் வெறும் இரைச்சல்... அவ்வளவுதான். அன்று அவன் அழுத அழுகை, கப்பல் முழுகிப்போன சேதி வந்தபோதுகூட அழாதது.

சாராள் அந்தத் தட்டைக் கொண்டுபோய், மண்ணில் கிடந்த கேபிள் முனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் ஞானதுரை போய்ப் பார்த்தான். ராத்திரி மழை இல்லை. ஆனால் தட்டு நிறையத் தண்ணீர்... சோறு தொடப்படாமல் அதில் ஊறிக் கிடந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

உப்புக் கரித்தது.