ஸ்டோயன் கையெழுத்துப் போடவில்லை

ஒரு கதை சொல்றேன் தோழர்களே, சின்னதுதான்... டீ வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்.

கிழக்கு ஐரோப்பாவுல ஒரு நாடு. பேர் வேண்டாம், கதைதானே. அங்கே ஆண்டது யாரு? நாம பிடிச்சிருக்கிற இதே சிவப்புக் கொடி! முகத்தைத் திருப்பாதீங்க... நம்ம ஆளுங்க பண்ண அநியாயத்தை நாமதான் முதல்ல பேசணும். அந்த ஆட்சிக்கு ஒரு ரகசியப் போலீஸ். ஆட்சி கவிழ்ந்ததும் என்ன பண்ணாங்க? ரகசியக் கோப்புகளையெல்லாம் கொளுத்திட்டாங்க.

இருபது வருஷம் கழிச்சு, அவங்க செஞ்ச குற்றங்களைத் தோண்டி எடுக்க ஒரு சின்ன ஊருக்கு வந்தாங்க ராத்கா. வரலாற்று ஆய்வாளர். அந்த ஊர்ல ஸ்டோயன்னு ஒருத்தர், கல்யாணங்கள்ல அக்கார்டியன் வாசிச்சவர். அந்த ஆட்சி நடந்தப்பவே 'இவன் போலீசுக்கு உளவு சொல்றவன்'னு ஒரு பேச்சு கிளம்புச்சு. அவ்வளவுதான். ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிடல. தெருவுல ஒருத்தர்கூட பேசல. எத்தனை வருஷம்? முப்பது வருஷம்!

"அம்மா... நான் உளவாளி இல்லேன்னு ஒரு காகிதம் கிடைக்குமா?"ன்னு ராத்காகிட்ட கேட்டார்.

ராத்கா நேரா அந்த ரகசியப் போலீஸ்ல இருந்து ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி வீட்டுக்குப் போனாங்க. அவர் காபி குடிச்சுக்கிட்டே சிரிச்சார்.

"எல்லாம் சாம்பல், மேடம்."

"அவசரத்துல கண்டபடி கொளுத்திட்டீங்களாக்கும்?"

வந்துச்சே கோபம்! "கண்டபடியா? யாரைப் பார்த்து என்ன பேசுறீங்க? ஒவ்வொரு கோப்புக்கும் நம்பர், உள்ளே என்ன இருக்குன்னு சுருக்கம், எல்லாம் பட்டியல் போட்டு, மூணு பிரதி எடுத்து, தலைநகரத்துக்கு அனுப்பிட்டுத்தான் தீக்குச்சியே உரசினோம்!"

பார்த்தீங்களா... குற்றத்தை அழிக்கிறதுக்கும் மூணு பிரதி!

தலைநகரத்துக் கிடங்குல அந்தப் பட்டியலோட ஒரு பிரதி கிடைச்சுது. ஊர்க்கூட்டத்துல ராத்கா சத்தமா வாசிச்சாங்க. "ஸ்டோயன். உளவு சொல்ல மூன்று முறை மறுத்தார். கையெழுத்துப் போடவில்லை. ஆகவே இவர் நம் ஆள் என்று ஊரில் வதந்தி பரப்பப்பட்டது. நல்ல பலன்."



கறிக்கடைக்காரம்மா எழுந்தாங்க. "யோவ் ஸ்டோயன்! சனிக்கிழமை என் பேத்திக்குக் கல்யாணம். வாசிக்க வருவியா?"

"உன் மூணு பொண்ணு கல்யாணத்துக்கும் என்னைக் கூப்பிடலையே! அந்த மூணு கல்யாணப் பாட்டையும் சேர்த்துத்தான் வாசிப்பேன். ஆட உனக்குக் கால் தாங்குமா?"

தாங்குச்சே! சனிக்கிழமை ஊரே ஆடுச்சு. ராத்கா செருப்பு பிஞ்சே போச்சு.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன்... வதந்தி கிளப்பினது போலீஸ். அவனுக்கு அது ஒருநாள் வேலை. முப்பது வருஷம் அந்த வேலையைத் தொடர்ந்து பார்த்தது யாரு? ஊர்! அதுவும் சம்பளம் இல்லாம!

நம்ம சங்கத்துல? 'அவன் முதலாளி ஆளு'ன்னு எவனாவது காதுல ஓதினா, மறுநாளே அந்தத் தோழரை ஒதுக்குறோமே... யார் சொன்னான்னு கேட்டோமா? எதை வச்சுச் சொன்னான்னு கேட்டோமா? கேளுங்க. சொன்னவன் மூஞ்சிக்கு நேரா ஆதாரம் கேளுங்க. அது வர்ற வரைக்கும்... அந்தத் தோழரைக் கூப்பிட்டு உங்க பக்கத்துல உட்கார வைங்க!