செம்பட்டி தாண்டி நிற்க வேண்டும்

— வண்டியிலே ஒரு குறையும் இல்லையேன்னுதேன் வந்தேன், அக்பர் பாய்.

— பொன்னுத்துரை, இந்தப் பட்டறைக்குக் குறை இருக்குன்னு வருவாக. சரி பண்ணது சரியில்லைன்னும் வருவாக. குறையே இல்லையேன்னு வந்தவன் நீ ஒருத்தன்தான். அந்தப் பலகையிலே உக்காரு.

— வர்ற புதன்கிழமை என் பிக்கப்பு நடுவழியிலே நிக்கணும் பாய்.

— நிப்பாட்டுறதுக்குப் பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு, அப்பு. போன மாசந்தான் லைனிங் மாத்திக் குடுத்தேன்.

— அப்படியில்லை. தானா நிக்கணும். திரும்பக் கெளம்பக் கூடாது.

— எங்கிட்டு நிக்கணும்?

— செம்பட்டி தாண்டி. ஊருக்குள்ளே நின்னா வேற வண்டி புடிச்சிருவாக.

— யாரு ஓட்டிட்டுப் போறது? நீயா?

— நான் வீட்டிலே நின்னு வரவேக்கணும்ல. டிரைவர் சோலைமுத்து போறான். சித்தையன்கோட்டையிலே எங்க அக்கா வீட்டு ஆளுக பரிசத் தட்டோட ஏறுவாக. நேரா கன்னிவாடி, எங்க வீடு. எம் மக பொன்னழகுக்கு அன்னிக்குப் பரிசம்.

— மகளுக்குப் பரிசம். வண்டி நிக்கணும்.

— ஆமா.

— காலையிலே ஏதாச்சும் சாப்பிட்டியா?

— சாப்பிட்டுத்தேன் வந்தேன் பாய். நீங்க கேளுங்க. பரிசத் தட்டு ஏத்துன வண்டி வழியிலே நின்னா அது சகுனத் தடை. பெரியாளுக எறங்கி ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாப்பாக. திரும்பிருவோம்பாக. அதோட அந்தச் சம்பந்தம் முடிஞ்சது. யாரும் யாரையும் நோக வேண்டியதில்லை.

— வண்டியை நோவாக. வண்டியை நொந்துட்டு என்னைய நோவாக. நாகல் நகர் அக்பர் அலி பாத்த வண்டி, கல்யாணக் காரியத்திலே படுத்துருச்சாம்னு இங்கேயிருந்து பழனி வரைக்கும் பேசுவானுக.

— பேசத்தேன் செய்வாக.

— நயா பைசா வந்த வருசம் மிலிட்டரி ஏலத்துக்குப் போனோம். பளபளன்னு பெயிண்டு அடிச்சு நின்னதையெல்லாம் விட்டுட்டு, மூலையிலே கெடந்த இதைக் காட்டினேன். நீ என்ன சொன்னே?

— இதுக்கு ரெட்டை மாட்டு வண்டியே தேவலைன்னேன்.

— அதுக்கு அடியிலே ஒரு மத்தியானம் பூராப் படுத்துக் கெடந்தேன். சட்டத்திலே விரிசல் இல்லை. கியர் பெட்டியிலே ஒழுக்கு இல்லை. பெயிண்டு இல்லாத வண்டிக்கு மறைக்க ஒண்ணுமில்லைன்னேன். அன்னியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒருநா ஒரு பொழுது நின்னுருக்கா?

— நிக்கலை. அதுதேன் என் தலையெழுத்து.

— தோல் பதப்படுத்துற ஷாப்புப் பக்கத்துக் கெணத்துத் தண்ணி ரேடியேட்டரை அரிச்சுரும்னு, எங்க வீட்டுக் குடிதண்ணியை ஊத்துறேன். என் வீட்டுக்காரி பக்ருன்னிசா கொடத்தைத் தூக்கிக்கிட்டு சண்டைக்கு வாரா. வண்டிக்கு இருக்கிற மரியாதை பெத்த புள்ளைகளுக்கு இல்லைங்கறா. கன்னிவாடிக் கத்திரிக்கா எல்லாத்துக்கும் முந்தி மார்க்கெட்டுலே எறங்குதுன்னா அது யாராலே?

— ஒங்களாலேதேன். அதனாலேதேன் ஒங்ககிட்டே வந்தேன். வேற பட்டறையிலே விட்டா நெசமாவே கெடுத்துப்புடுவானுக.

— அது வாஸ்தவம்.

— ஒங்களுக்குத்தேன் தெரியும், எது வரைக்கும் கெடுக்கலாம்னு.

— மாப்பிள்ளை ஒங்க அக்கா மகன் கருப்பணன் தானே? வாட்டசாட்டமான பையனாச்சே. சூதாட்டமா?

— இல்லை.

— குடியா?

— அதுவும் இல்லை பாய். கோவம்.

— கோவம் யாருக்கு இல்லை? எனக்கே இப்ப வந்துக்கிட்டிருக்கு.

— ஒங்க கோவம் ஸ்பேனரைத் தூக்கி எறியிறதோட சரி. போன வருசம் கெணத்துலே மாடு கட்டிக் கமலை எறைக்கையிலே மாடு படுத்துருச்சு. கம்பை எடுத்துக் கண்ணுலேயே அடிச்சான். ஒரு கண்ணு போச்சு. அடிச்சுப்புட்டு, கையைக் கழுவிட்டு வந்து, சோத்துக்கு வெஞ்சனம் என்னன்னு கேட்டான். எம் மக அப்ப அங்கேதேன் இருந்தா.

— யா அல்லா.

— பரிசத்துக்கு நாள் குறிச்சதுலேர்ந்து அவ வாயைத் தொறக்கலை. வேணாம்னும் சொல்லலை, சரின்னும் சொல்லலை. சட்டி பானையை வெளக்குறா. வெளக்கினதையே திரும்ப எடுத்து வெளக்குறா.

— ஒங்க அக்கா அங்காளம்மாகிட்டே நேரா சொல்லிப் பாக்குறதுதானே?

— எந்த மொகத்தோட சொல்ல? இந்த வண்டி எடுக்கையிலே கையிலே காசு பத்தலைன்னதும் உழவு மாட்டை வித்துக் குடுத்தவுக. பொன்னழகு பொறந்தன்னிக்கே வந்து, எம் மருமகளுன்னு தூக்கினவுக. இன்னிக்கு இல்லைன்னா, ஒன் மகன் மனுசனில்லைன்னு சொன்ன மாதிரி. கட்டினவரும் போயி ஒத்த மகனை வச்சுக்கிட்டு நிக்கிறாக. அதுக்கப்புறம் எங்க அக்கா வாசல்லே நான் எப்படி மிதிக்க?

— மகன் சங்கதி அவுகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

— பெத்தவ கண்ணுக்கு என்ன தெரியும் பாய். மாட்டுக் கண்ணு எப்படிப் போச்சுன்னு கேட்டதுக்கு, முள்ளு குத்திருச்சுன்னு சொன்னாக.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்லை. டயரைப் பஞ்சர் பண்ணிரலாமா?

— ஸ்டெப்னி கெடக்கு. சோலைமுத்து வெத்தலையைத் துப்பறதுக்குள்ளே மாத்திருவான்.

— பெட்ரோலைக் கம்மியா ஊத்தி விடு.

— பொண்ணைப் பெத்தவன் பெட்ரோல் ஊத்தக்கூட வக்கில்லாதவன்பாக. அது சகுனமில்லை, கேவலம்.

— தண்ணியைக் கொறைச்சுக் கொதிக்க விடுவோம்.

— ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கெணறு. மொண்டு ஊத்திட்டு வந்துருவாக.

— அப்ப அச்சை முறிச்சுருவோம்.

— வேணாம் பாய். மறுநா மார்க்கெட்டுக்குக் கத்திரிக்கா வந்தாகணும்.

— புதன்கிழமை மவுத்தாகணும், வியாழக்கிழமை எந்திரிச்சு மூட்டை சொமக்கணும். ரொம்ப நல்லாருக்கு சங்கதி.

— அப்படி ஒண்ணு இல்லையா பாய்?

— இருக்கு. என்ஜினுக்குப் பொறி குடுக்க ஒதவுற கண்டென்சர், நோக்காடு புடிச்சது ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். என்ஜின் குளுமையா இருக்கிற வரைக்கும் நல்லா ஓடும். சூடு ஏறிப்போச்சுன்னா அணைஞ்சுக்கும். தொறந்து பாத்தா புதுசு கணக்கா இருக்கும். மறுநா நல்லதை மாட்டிட்டா ஒரு கொறையுமில்லை.

— சோலைமுத்து கண்டுபுடிச்சிருவானே. ஒங்ககிட்டே தொழில் படிச்சவன்.

— அதனாலேதான் மாட்டிக்குவான். பிளக்கைத் தொடைப்பான், வயரை இழுத்துப் பாப்பான், கார்புரேட்டரைக் கழட்டி ஊதுவான். நான் சொல்லிக் குடுத்த வரிசை தப்ப மாட்டான். அவன் முடிக்கையிலே நல்ல நேரம் முடிஞ்சு ராகு காலம் பொறந்துரும்.

— செம்பட்டி தாண்டித்தேன் நிக்குமா?

— விடியக்காலைக் குளுமையிலே வெறும் வண்டியாப் போகையிலே நிக்காது, ஆளு ஏத்திட்டு வரையிலேதான்; அதுவும் அன்னைய வெயிலைப் பொறுத்தது. இன்ஷா அல்லா. ஒரே ஒரு சங்கதி. வழியிலே எங்கேயும் டீ குடிக்க நிறுத்தக் கூடாது. நிறுத்தினா ஆறிப்போகும். ஆறினா கன்னிவாடி வந்து சேந்துரும்.

— எங்க பெரியாளுகளை டீத்தண்ணி இல்லாம செம்பட்டியைத் தாண்ட வைக்க முடியாது பாய். அதுக்குத்தேன் வண்டியிலேயே ஏறுவாக.

— ஏறுறதுக்கு முந்தியே வயிறு முட்டக் குடுத்து ஏத்தி விட்டுட்டா?

— யாரு குடுக்குறது? நான் அங்கே கெடையாது. சோலைமுத்துகிட்டே சொன்னா ஏன் எதுக்குன்னு கேப்பான்.

— சித்தையன்கோட்டையிலே ஒரு ஆளு இருக்கு. அவுக பாத்துக்குவாக.

— அந்த ஊருலே ஒங்களுக்கு ஆளா? யாரு பாய்?

— நம்பிக்கையான ஆளுதான். வண்டியிலே கைவைக்கச் சொல்லி என்கிட்டே வந்தாக. வண்டிக்குச் சொந்தக்காரன் வாயாலே கேக்காம முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். இப்ப நீ கேட்டுட்டே.

— யாரா வேணாலும் இருக்கட்டும். எங்க அக்கா காதுக்கு மட்டும் இது போயிரக் கூடாது. அவுக மனசு தாங்காது.

— நேத்து மத்தியானம் கையிலே மாவுக்கட்டோட பஸ்ஸை விட்டு எறங்கி வந்து, ‘எம் மகன் ஏறுற வண்டி எந் தம்பி வாசலுக்குப் போய்ச் சேரக் கூடாது பாய்’னு கேட்டதே அவுகதான், அப்பு.